வேட்டியில் இரண்டு ஓட்டை

எங்கள் வீட்டில் மதம் இரண்டு, சமையலறை ஒன்று, அதிகாரமும் ஒன்றுதான். அந்த அதிகாரம் யார் கையில் என்று குருசுக்குப்பத்தில் எந்தச் சந்தில் கேட்டாலும் சொல்லுவார்கள். என் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் தீபாவளிக்காரன். வீட்டுக்காரி கல்லறைத் திருநாள்காரி. அவளுடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோன் வரைக்கும் போய், முழுசாகத் திரும்பி வந்து, பிராங்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, கடைசிவரை என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட மனுஷன். இப்போது உப்பளம் கல்லறையில் இருக்கிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பு அணைவதில்லை. முதலில் என் பங்குக்கு அதிரசம், முறுக்கு. நவம்பர் 1 அவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள். அதே நவம்பர் 1 எங்கள் ஊருக்கு விடுதலை நாள் வேறு. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய தேதி. அதற்கு முன்னால் அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். அந்த எட்டுப் பேருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு ஓட்டு. அதில் என்னுடையது செல்லாத ஓட்டு.

இப்படி ஒருவாறு காலம் தள்ளிக்கொண்டிருந்த வீட்டில்தான் 2024-இல் ஹாலோவீன் வந்து நுழைந்தது.

மகள் பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். அங்கே அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்குத் துசேன் லீவு என்று இரண்டு வாரம் விடுவார்கள். துசேன் என்றால் அதே சகல புனிதர்கள்தான். அரசாங்கம் வேறு, சர்ச் வேறு என்று 1905-இல் சட்டம் போட்ட நாடு, புனிதர்கள் பேரில் கிடைக்கிற லீவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புத்திசாலிகள். அந்த லீவுக்குப் பேத்தி இங்கே வருவதாக ஏற்பாடு. வருவதற்கு முன்னால் மகள் ஃபோன் செய்தாள்.

“அப்பா, பாப்பா அழுறா. இங்க கூடப் படிக்கிற பசங்கல்லாம் 31-ஆம் தேதி ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா மிட்டாய் வாங்கப் போகுதுங்களாம். புதுச்சேரி போனா அது கிடைக்காதேங்கிறா. நீங்க ஏதாவது பண்ணுங்களேன்.”

நான் ஏதாவது பண்ணுவதில்தான் எங்கள் குடும்பத்து விபத்துகள் எல்லாம் தொடங்குகின்றன. இது மகளுக்கும் தெரியும். இருந்தாலும் பெற்ற அப்பா ஆயிற்றே, ஒரு வேலை கொடுப்போம் என்று நினைத்திருப்பாள்.

பென்ஷன்காரனிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவன் செய்ய மாட்டான், அதைப் பற்றிப் படிப்பான். நானும் படித்தேன். அயர்லாந்துக்காரர்கள் அந்த ராத்திரியில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்து வாசலில் வைத்திருக்கிறார்கள். பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்கள், அங்கே பரங்கிக்காய் பெரிதாகவும் குடைய வசதியாகவும் இருக்கவே, கிழங்கைக் கைகழுவிவிட்டார்கள். பிரான்சுக்கு இது வெகு தாமதமாகத்தான் வந்திருக்கிறது. 1997-இல் ஒரு ஃபோன் கம்பெனி தன் புது செல்ஃபோனை விற்பதற்காகப் பாரிசில் ஈபிள் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற ட்ரோகாடெரோவில் ஆயிரக்கணக்கான பரங்கிக்காயைக் கொண்டுவந்து கொட்டியது. ஆக, என் பேத்தி அழுகிற அழுகையின் மூலம் ஒரு செல்ஃபோன் விளம்பரம். இதை நான் வீட்டுக்காரியிடம் விளக்கினேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். நவம்பர் 2 யார் வெச்சதுன்னு தெரியுமா?” என்றாள் அவள்.

எனக்குத் தெரியும். கி.பி. 1000-ஐ ஒட்டி, க்ளூனி மடத்துத் தலைவர் ஒதிலோ என்பவர்தான் செத்துப்போனவர்களுக்காக வேண்டிக்கொள்ள அந்தத் தேதியைத் தன் மடங்களுக்குக் குறித்துக் கொடுத்தார். க்ளூனி பிரான்சில் இருக்கிறது. எங்கள் ஊரில் க்ளூனி என்றால் கன்னியாஸ்திரிகள், பள்ளிக்கூடம், எம்பிராய்டரி. வீட்டுக்காரி அங்கே படித்தவள். அதனால் தெரிந்தாலும் தெரியாது என்றேன். கல்யாணமான நாளாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் முதல் வகுப்பில் தேறிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மேல் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் செய்த சதி ஒன்று உண்டு. தீபாவளியும் அக்டோபர் 31. ஹாலோவீனும் அக்டோபர் 31. அடுத்த நாள் புனிதர்களும் கொடியேற்றமும். அதற்கடுத்த நாள் கல்லறை. மூன்று நாளில் ஐந்து விசேஷம், ஒரு கேஸ் சிலிண்டர்.

முதலில் பரங்கிக்காய். நம் ஊரில் பரங்கியை யார் முழுசாக வாங்குகிறார்கள்? கீற்றுப் போட்டு வைத்திருப்பார்கள், நாம் ஒரு கீற்றை எடுத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு விலை குறைக்கச் சொல்லுவோம். முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் போய் முழுக்காய் வேண்டும் என்றேன். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“எந்த மண்டபம் சார்?”

“மண்டபம் இல்லை. வீட்டுக்குத்தான்.”

“எத்தினி பேரு?”

“மூணு பேர்.”

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். உருண்டையாக, அடி சமமாக, காம்போடு வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்குவதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். “குழம்புக்கா, கூட்டுக்கா?” என்று கேட்டார். “மூஞ்சி வெட்ட” என்றேன். “அடடா, அதுக்கு வெள்ளைப் பூசணி இல்ல வாங்கணும்? ஆயுத பூஜையோட சரக்கு தீந்துபோச்சே சார்” என்று எனக்காக வருத்தப்பட்டார். ஆட்டோக்காரர் காயை சீட்டில் வைத்ததால் அதற்கும் சேர்த்து வாங்கினார். அது உட்கார்ந்து வந்தது. நான் பாதி தொங்கிக்கொண்டு வந்தேன்.

வெட்டுவது என்பது தனிக் கதை. பரங்கிக்காயின் தோல் இத்தனை கெட்டி என்பது ஆயுள் முழுக்கக் கூட்டாக மட்டுமே அதைச் சந்தித்தவனுக்கு எப்படித் தெரியும்? அரிவாள்மனையைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. காய்கறிக் கத்தி வளைந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியால் அடித்தேன். காய் உருண்டு வாசலைத் தாண்டித் தெருவில் போயிற்று, நானும் பின்னாலேயே போனேன். அந்த நேரத்தில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த மீன்காரம்மா காலால் அதைத் தடுத்து நிறுத்தினாள்.

“இன்னாண்ணே பண்ற?”

சொன்னேன். பேய், பேத்தி, பிரான்ஸ், டர்னிப் எல்லாம் சொன்னேன். அவள் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து, காயை மடியில் அண்டக் கொடுத்து, தலையைச் சீவி, உள்ளே கையை விட்டு ஒரே வழிப்பில் குடலை எடுத்துவிட்டாள். “கண்ணு எப்பிடி வேணும், வஞ்சிரம் மாதிரியா, சங்கரா மாதிரியா?” சங்கரா என்றேன். இரண்டு குத்து. வாய்க்கு நாலு பல் விட்டு ஒரு கிழி. வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. போகும்போது, “இத்தப் போயி ஊட்டு ஆம்பளைய செய்ய வெக்கிறாங்களே” என்று என் வீட்டுக்காரியிடம் எனக்காகப் பரிந்து பேசிவிட்டுப் போனாள். பேத்தியிடம் அந்த முகம் நான் வெட்டியது என்றே சொல்லப்பட்டது. சொன்னது நான்தான்.

உள்ளே இருந்து எடுத்த சதையை என்ன செய்வது? அன்று மத்தியானம் பரங்கிக்காய் பால் கூட்டு. ராத்திரி பரங்கிக்காய் அடை. விடிந்தால் பரங்கிக்காய் புளிக்குழம்பு. அந்த வாரம் எனக்கு வியர்த்தால்கூட மஞ்சளாக வியர்க்குமோ என்று பயமாக இருந்தது.

பலகாரத்துக்கு வருவோம். மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சூனியக்காரி விரல் பிஸ்கட். வெட்டி எடுத்த விரல், நுனியில் பாதாம் நகம், அடியில் சிவப்பு ஜாம். எனக்குக் குமட்டியது. வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இது கலகலா மாவுதானே? கிறிஸ்துமஸுக்குப் பண்றது. நீட்டி உருட்டிப் போட்டா விரல்” என்றாள். பாதாம் வாங்கலாமா என்றேன். “பேய்க்கு பாதாமா? பண்ருட்டி முந்திரி போதும்.”

போதவில்லை. மாவில் அழுத்திய முந்திரி எண்ணெயில் விழுந்ததும் கழன்று தனியாக மிதந்தது. விரல் ஒரு பக்கம், நகம் ஒரு பக்கம். எனவே வெல்லப்பாகு காய்ச்சி, ஆறின விரல்களுக்கு ஒவ்வொன்றாக நகம் ஒட்டும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் கோப்பில் கையெழுத்துப் போட்ட கை இது. “கட்டைவிரலுக்குப் பெரிய முந்திரி வைங்க, அறிவில்லையா?” என்று மேற்பார்வை நடந்தது.

அடுத்தது கண். ரவா உருண்டைதான், மேலே நடுவில் ஒரு கறுப்புத் திராட்சை, சுற்றிப் பீட்ரூட் சாற்றில் ரத்த நரம்பு. தத்ரூபம் என்றால் தத்ரூபம். தீபாவளிக்கு வருகிறவர்களுக்குக் கண்ணை எடுத்து நீட்டக் கூடாது என்பதால் மனிதர்களுக்கு ஒரு சம்புடம், பேய்களுக்கு ஒரு சம்புடம் என்று தனித்தனியாக வைத்து, எது எது என்று எனக்கு இரண்டு தடவை சொல்லியும் வைத்தாள். தீபாவளிக் காலையில் என் பெரியத்தை வந்தார். புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இப்போதுதான் வெளியே நடமாடத் தொடங்கியிருந்தார். தட்டில் பலகாரம் வைத்து மரியாதையாகக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏண்டா, ஒரு கண்ணுதான் ஆபரேஷன் ஆச்சு. இன்னொண்ணு எப்பன்னு டாக்டரே சொல்லல. நீ தட்டுல வெச்சுக் குடுக்குறியே?”

அத்தை அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரியின் ரவா உருண்டை அப்படி.

சாயந்திரம் பேத்திக்கு வேஷம். அங்கிருந்து கொண்டுவர வேண்டிய பேய் உடுப்பு எப்படியோ பெட்டியில் ஏறாமலே நின்றுவிட்டது. “வெள்ளைத் துணி ஒண்ணு இருந்தாப் போதும்” என்றாள் வீட்டுக்காரி. வெள்ளைத் துணி இருந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மஞ்சள் தடவி, கால் மணி நேரம் கட்டிக்கொண்டிருந்து, கறை படக் கூடாதே என்று மடித்து வைத்த என் புது வேட்டி. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அது பேத்தியின் தலையில் இருந்தது. நடுவில் இரண்டு வட்டமான ஓட்டை. ஓட்டைகளுக்குள் இருந்து இரண்டு கண் என்னைப் பார்த்துச் சிரித்தது. “தாத்தா, பூ!” என்றது பேய்.

எனக்கு நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது. ஜரிகைக் கரை வேட்டி.

அமாவாசை இருட்டில் நானும் பேயும் கிளம்பினோம். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். “மிட்டாய் தர்றீங்களா, பயமுறுத்தட்டுமா?” என்று அவள் மனப்பாடம் செய்திருந்தாள். முதல் வீட்டில் சொன்னதும் ஒரு தட்டு நிறைய பலகாரம் வந்தது. இரண்டாம் வீட்டிலும் அப்படியே. தீபாவளியன்று எங்கள் தெருவில் பலகாரம் வாங்கப் பேய் எதற்கு? சும்மா போய் நின்றாலே கொடுப்பார்கள், நிற்காவிட்டால் துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். பயப்படத்தான் ஆள் இல்லை. மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்த நாள் மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்குப் போய்வருகிற சனம் இது. அங்கே முகமெல்லாம் சாயம் பூசி, நாக்கைத் துருத்திக்கொண்டு காளி வேஷக்காரர்கள் ஆவேசமாக வருவதைப் பார்த்தவர்களிடம் ஜரிகை வேட்டிப் பேய் எடுபடுமா? “இதுவா பேயி? பச்சக் கொயந்த. யாரு கண்ணு பட்டுச்சோ” என்று கடைசி வீட்டுப் பாட்டி, மிளகாயும் உப்பும் எடுத்துவந்து பேய்க்கே சுற்றிப் போட்டுவிட்டார்.

நான் கணக்கில் சேர்க்காதது ஒன்று இருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலித் தட்டாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், ஊரான் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் அடுக்கடுக்காக. அதிரசம் தீர்ந்தது, முறுக்கு தீர்ந்தது, மனிதச் சம்புடமும் பேய்ச் சம்புடமும் காலி. நான் நகம் ஒட்டிய விரல்களில் பாதி அன்று ராத்திரியே குருசுக்குப்பம் முழுக்கப் பரவிவிட்டன. சிலர் அதை முறுக்கு என்று நினைத்துக் கடித்தார்கள், சிலர் யாருடைய விரல் என்று கேட்டார்கள். வீட்டுக்காரி என்னைக் கேட்டது வேறு.

இதற்குள் வாசலில் எங்கள் பரங்கிக்காய் மெழுகுவத்தியோடு சிரித்துக்கொண்டிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, “திருஷ்டியா சார்? மேல இல்ல கட்டணும்?” என்றார்கள். “ஒடைக்கறதுன்னா ரோட்டுல ஒடைக்காதீங்க, வண்டி வழுக்கும்” என்று ஒருவர் பொறுப்போடு சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உடைக்கும் உத்தேசமே இல்லை. ஆனால் தீபாவளி ராத்திரியில், கண்ணும் வாயும் திறந்து, உள்ளே காலியாக, வாசல்படியில் ஒரு காய் உட்கார்ந்திருந்தால் தெருப் பையன்கள் என்ன செய்வார்கள்? நானே அந்த வயசில் சும்மா இருந்திருப்பேனா?

அணுகுண்டு. வாய் வழியாக வைத்திருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடவில்லை. நான் வாசலில்தான் இருந்தேன். ஒரு துண்டு நெற்றியில், ஒரு துண்டு சட்டைப் பையில், மிச்சம் சுவர், கதவு, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர். சங்கராக் கண் ஒன்று கோலத்தின் நடுவில் விழுந்து கிடந்தது. பேத்தி அழப்போகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் வேட்டியைக் கழற்றி வீசிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். “ஆங்கோர், தாத்தா! ஆங்கோர்!”

இன்னொரு தடவை வேண்டுமாம்.

மறுநாள் கடற்கரைச் சாலையில் விடுதலை நாள் கொடியேற்றம். வருஷா வருஷம் போகிறவன், விடுவேனா? மற்ற வேட்டிகள் எல்லாம் ஈரம். “மடிச்சுக் கட்டினா ஓட்டை தெரியாது, போய்ட்டு வாங்க” என்று வீட்டுக்காரி அந்த ஜரிகை வேட்டியையே எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குள் தெரியவில்லைதான். ஆனால் எங்கள் பக்கம் மணலைக் கடல் கொண்டுபோய்க் கருங்கல் கொட்டிவிட்டார்களே தவிர, காற்றை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அணிவகுப்பு போய்க்கொண்டிருந்தபோது அது தன் வேலையைக் காட்டியது. பின்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார்.

“தம்பி, உங்க வேட்டி எங்களையே பாக்குது.”

நவம்பர் 2 காலையில் உப்பளம். வெள்ளையடித்த கல்லறைகள், சாமந்தி மாலை, மெழுகுவத்தி, ஊதுவத்தி, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். மாமியார் விட்டுப்போன கைப்பக்குவத்தில் வீட்டுக்காரி விவிக்கம் கேக் செய்து எடுத்து வந்திருந்தாள். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, கூடவே மாமனாருக்குப் பிடித்த ரம். எங்கள் ஊர்க் கேக்கில் ரம் இல்லாவிட்டால் செத்தவர்களே எழுந்து வந்து கேட்பார்கள். பேத்தி தன் பங்குக்கு மிச்சமிருந்த விரல்களில் ஒன்றை எடுத்துக் கொள்ளுத்தாத்தா கல்லறையில் வைத்தாள். நான் பதறிப்போய் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தேன். அவள் குனிந்து, மெழுகுவத்தியைச் சரிசெய்துகொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

“அப்பா, நகம் உன் மாப்பிள்ளை ஒட்டினது. பாத்துச் சாப்பிடு.”

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அம்மா ஒருத்தி ஒரு விரல் வாங்கித் தின்று பார்த்து, செய்முறை கேட்டார். அவரிடமிருந்து அடுத்த கல்லறைக்குப் போயிற்று. கொண்டுபோன டப்பா அங்கேயே காலி. ஹாலோவீன் பலகாரத்துக்குக் குருசுக்குப்பத்தில் கிடைக்காத மரியாதை உப்பளத்தில் கிடைத்தது.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20-இலேயே வந்து போய்விட்டது. ஹாலோவீன் வழக்கப்படி 31. இனி இரண்டும் மறுபடி ஒன்றாக வருகிறவரை வேட்டிக்கு ஆபத்து வருஷத்துக்கு இரண்டு தடவை. உங்கள் வீட்டுக்கும் வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவதாக இருந்தால் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். புது வேட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், பூட்டிய சாவியை வீட்டில் கொடுக்காதீர்கள். பேய்க்குப் பழைய லுங்கி போதும்.